பீரோவின் கீழ்த்தட்டு

ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு என்னை விடவில்லை. எர்ணாவூரில் தெரிந்த தம்பி ஒருவர் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் பில், ஜி.எஸ்.டி., வரவேண்டிய பாக்கி எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். பொழுதும் போகிறது, டீயும் கிடைக்கிறது.

அந்தப் பட்டறையில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குக்கு ஒரு நகல் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே வற்புறுத்தியவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க குமாஸ்தா அல்லவா? ஆபீஸ் காப்பி இல்லாமல் ஒரு காகிதம் வெளியே போகாது. தம்பி ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கினார். வாராவாரம் சனிக்கிழமை அதில் நகல் எடுப்போம். "இதை எங்க சார் வைக்கலாம்?" என்று கேட்டார். "இரும்பு பீரோ இருக்கே, கீழ்த்தட்டுல வச்சுப் பூட்டிடுங்க தம்பி" என்றேன். என் மனசில் இருந்த பயமெல்லாம் திருட்டுப் பயம்தான்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. 3, 4 தேதிகளில் விடாமல் பெய்த மழையில் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் நிரம்பி ஊருக்குள் வந்தன. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தண்ணீரோடு கறுப்பு எண்ணெயும் வந்தது. எண்ணூர் முகத்துவாரம் வரை படகு, வலை, நண்டு, இறால் எல்லாவற்றின் மேலும் அது படிந்தது. சுவரில் எண்ணெய்க் கோடு நின்ற உயரத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கண்டுபிடித்தோம். பட்டறையில் அது இடுப்பளவு.

கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. டிஸ்க் அதிலிருந்து ஆறடி தள்ளி, பூட்டிய பீரோவில், கீழ்த்தட்டில். திருடன் தொட்டிருக்க முடியாது. தண்ணீருக்குச் சாவி தேவைப்படவில்லை.

அதற்கு மேல் இன்னொரு பிழையும் நடந்தது. தம்பி டிஸ்க்கைத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டார். கர கர என்று சத்தம் வந்து நின்றுவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் கையில் வாங்கியதுமே, "கரண்ட் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைக்கக் கூடாது, கரண்டும் கொடுக்கக் கூடாது, அப்படியே இந்த வேலை தெரிந்தவர்களிடம் கொண்டுபோகவேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே தட்டு சுழலும்போது அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முனை நகர்கிறது. ஒரு பொட்டு அழுக்கு போதும், தட்டையே கீறிவிடும்.

எது போயிற்று, எது மிஞ்சியது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டோம். மார்ச் வரை கணக்கு ஆடிட்டரிடம் இருந்தது. அக்டோபர் வரை போட்ட பில்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றியிருந்தோம், அவையும் தப்பின. நவம்பர் மாத பில்கள் போயின. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற பாக்கிப் பட்டியல் போயிற்று. எல்லாவற்றையும்விட, பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த வரைபடங்களும் அளவுகளும் போயின. "போன தடவை செஞ்ச அதே ஷாஃப்ட் இன்னும் இருபது வேணும்" என்று ஒருவர் போன் பண்ணினால், எந்த ஷாஃப்ட், என்ன அளவு என்று அவரிடமே திருப்பிக் கேட்கவேண்டிய நிலை. மிஷினைக் கழுவி, மோட்டாருக்குக் காயில் கட்டி, மூன்று வாரத்தில் ஓட்டிவிட்டார்கள். வரைபடங்களில் பாதிகூட இன்றுவரை திரும்பவில்லை.

எனக்கு அந்த நாட்களில் தூக்கம் வரவில்லை. காரணம், நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். இந்தப் பாடம் எனக்குச் சின்ன வயசிலேயே சொல்லித்தரப்பட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு 'எத்தா சிவில்' தெரியும். பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதும் பதிவேடு. பிரெஞ்சுக்காரர்கள் அதை இரண்டு பிரதியாக எழுதுவார்கள், ஒன்று நகர்மன்றத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. குடியேற்ற நாடுகளில் மூன்றாவது பிரதியும் உண்டு. 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் போட்ட ஆணைப்படி அது கப்பலேறி வெர்சாய் போகவேண்டும். கடலோர ஊர்களில் ஈரம், கறையான், புயல், போதாததற்கு ஆங்கிலேயர் படையெடுப்பு. 1761இல் அவர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது எல்லாருக்கும் நினைவிருந்த காலம். அந்த மூன்றாம் பிரதிகளின் புண்ணியத்தில், புதுச்சேரியின் பழைய பதிவுகளை இன்றைக்கும் எக்ஸ் ஆன் புரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், குடியேற்ற நாடுகளுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் தங்கள் தலைநகருக்கு யோசிக்கவில்லை. பாரிஸில் ஒரு பிரதி நகர்மன்றத்தில், இன்னொன்று நீதிமன்ற வளாகத்தில். இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகும் தூரம்தான். 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் கலகத்தின் கடைசி வாரத்தில், 24ஆம் தேதி இரண்டு கட்டடங்களும் எரிந்தன. 1860க்கு முந்திய சுமார் 80 லட்சம் பதிவுகள் சாம்பலாயின. வீடுகளில் இருந்த சான்றிதழ்களையும் மாதாகோவில் ஏடுகளையும் தேடித் தேடி, பல வருஷம் உழைத்து, மூன்றில் ஒரு பங்கைத்தான் மறுபடி எழுத முடிந்தது.

இதை வகுப்பில் படித்தவன்தான் ஆறடி தூரத்தில் நகலை வைக்கச் சொன்னவன்.

சரி, தூரத்தில் வைத்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் வடசென்னைக்காரர்கள் மேர்ஸ்க் பெயர் எழுதிய கண்டெய்னரைத் தினமும் பார்த்திருப்பார்கள். 2017 ஜூன் 27 அன்று அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டன. 'நாட்பெட்யா' என்ற நாசகார நிரல், உக்ரைனில் பலர் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருள் வழியாக உள்ளே வந்துவிட்டது. நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையத்திலும் வேலை நின்றது. அவர்களுக்கு நகல்கள் இல்லாமல் இல்லை. யார் உள்ளே வரலாம், எதைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கும் முக்கிய சர்வர்கள் பல நாடுகளில் இருந்தன. ஆனால் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று உடனுக்குடன் மாறிக்கொள்பவை. ஒன்று அழிந்ததும் மற்றவையும் அழிந்தன. கானா நாட்டில் ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அந்தத் தகவலைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் லண்டன் கொண்டுபோய்த்தான் மீட்டார்கள். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவியதாகக் கம்பெனித் தலைவரே பின்னால் சொன்னார். எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் நகல், நகல் ஆகாது.

எங்களுக்கும் ஒரு கானா இருந்தது. சரக்கு இறக்கும் பையன், கையெழுத்து வாங்கிய ஒவ்வொரு சலானையும் போட்டோ எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை சலானைத் தொலைத்துத் திட்டு வாங்கியதிலிருந்து அவனாகவே பழகிக்கொண்டது. அந்தப் போட்டோக்களை வைத்து நவம்பர் பில்களைத் திரும்பப் போட்டோம். ஆறரை லட்சத்தில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் வந்துவிட்டது. மீதி வரவில்லை.

நகல் எடுப்பது சட்டமும்கூட. மத்திய ஜி.எஸ்.டி. விதி 57, மின்னணுக் கணக்குக்கு முறையான நகல் வேண்டும், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி இருக்கவேண்டும் என்கிறது. அதில் 'மீட்கும்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் வெள்ளிக்கிழமைதோறும் டேப்பில் நகல் எடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டோம். ஒருநாள் தேவைப்பட்டபோது டேப்பைப் போட்டால் ஒன்றுமே இல்லை. கையெழுத்து மட்டும் வாராவாரம் சரியாக இருந்தது.

இப்போது பட்டறையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், சின்னத் தொழில் வைத்திருப்பவர்களுக்கு உதவும். கணக்கும் வரைபடமும் மூன்று இடத்தில் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஒன்று. இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒன்று. அங்கே பழைய பிரதிகளும் முப்பது நாள் அழியாமல் இருக்கும்படி வைத்திருக்கிறோம். மூன்றாவது ஹார்டு டிஸ்க். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். நகல் எடுத்ததும் கழற்றி, காலடிப்பேட்டையில் முதல் மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு அது வந்துவிடும். அடுத்த சனிக்கிழமை மற்றது வரும். செலவு, மாதத்துக்கு ஒரு லேத் டூல் வாங்கும் காசுகூட இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு பரீட்சை உண்டு. தம்பி வாய்க்கு வந்த ஒரு பில் நம்பரைச் சொல்வார். நான் என் வீட்டுப் பழைய லேப்டாப்பில், டிஸ்க்கிலிருந்து அதைத் திறந்து போனில் படித்துக் காட்டவேண்டும். போன மாதம் ஒரு நம்பர் திறக்கவில்லை. பதறிவிட்டேன். அரை மணி நேரம் தேடிய பிறகு தம்பி சிரித்துக்கொண்டே, "அது கேன்சல் பண்ண பில்லு சார்" என்றார்.

மறுபடி மழைக்காலம் வருகிறது. உங்கள் நகல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒருதடவை எழுந்துபோய்ப் பாருங்கள். கீழ்த்தட்டில் இருந்தால், எடுத்துவிடுங்கள்.