ஸ்கேனில் தெரியாத வலி

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்கம்மா. ஆனா சுருக்குனு இழுக்குதே!”

தோணிரேவிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மற்ற மீனவ ஊர்களிலும் வீடு வீடாகப் போகும் இயன்முறை மருத்துவரான என்னிடம் பெண்கள் அதிகம் சொல்வது இதைத்தான். சிசேரியன், கர்ப்பப்பை நீக்கம், குடும்பக்கட்டுப்பாடு என்று ஆபரேஷன் எதுவானாலும், புண் ஆறிப் பல மாதம் கழித்தும் வலி தொடர்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்றே மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் அது மனப்பிரமை ஆகிவிடாது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்கிறது.

என் வேலை விரலில் தொடங்குகிறது. “எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுக்கா” என்பேன். உள்ளங்கையால் வயிறு முழுக்கத் தடவிக் காட்டுகிறவர் உண்டு. ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுகிறவரும் உண்டு. புள்ளி கிடைத்தால் அதை மெல்ல அழுத்தியபடி, படுத்த நிலையிலேயே தலையையும் தோளையும் தூக்கச் சொல்வேன். அமெரிக்க அறுவை மருத்துவர் கார்னெட் 1926இல் எழுதிவைத்த சோதனை இது. தசை இறுகும்போது உள்ளுறுப்புகளுக்கு அது கவசமாகிவிடும். அப்போதும் வலி குறையாமல் இருந்தாலோ கூடினாலோ, கோளாறு பெரும்பாலும் வயிற்றுச் சுவரில்தான். கீழ்வயிற்றில் குறுக்கே போடும் வெட்டின் இரு ஓரங்களிலும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. தழும்பில் அவை சிக்கினால் எரிச்சல், மரத்துப்போதல், தொடை வரை இழுக்கும் வலி எல்லாம் வரும். ஸ்கேன் பொதுவாக இதைக் காட்டாது. அந்த இடத்தில் மருத்துவர் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு வலி அடங்கினால், காரணமும் தெரியும், நிவாரணமும் கிடைக்கும்.

அடுத்து, அவர் செய்யும் தொழிலைக் கேட்பேன். ஏரியில் இருளர் பெண்கள் பறி எனும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வாயில் பறி இருக்கையில் மூச்சை நன்றாக இழுத்துவிட முடியாது. வயிறு இறுகியே கிடக்கும். மீன் விற்பவர்கள் ஐஸோடு கூடையைத் தூக்குகிறார்கள். “ஓய்வு எடு” என்று மட்டும் சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்: புண் முழுதும் ஆறும்வரை ஏரித் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு வாரம் மீன் கூடையை வேறு யாராவது தூக்கட்டும். பிறகும் மூச்சை அடக்கித் தூக்காமல், வெளியே விட்டபடி தூக்கவும். பறியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடவும். எழும்போது ஒருக்களித்துக் கையூன்றி எழவும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளவும். புண் ஆறிய பின் தழும்பைத் தினமும் விரலால் மெல்ல நீவிவிட்டால், தொட்டாலே கூசும் இடம் மெதுவாகப் பழகும்.

பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைப்பதும், சீழ் பிடிக்கும் என்று மீனை விலக்குவதும் இங்கே வழக்கம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் தையலிட்ட இடத்துக்குத்தான் கேடு. காயம் ஆறப் புரதம் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு ஆக்கித் தருகிற கரையில் மீனை ஒதுக்கத் தேவையில்லை.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. விடாத வாந்தி, உப்பிய வயிறு, காற்றும் மலமும் பிரியாமை ஆகியவை குடல் அடைப்பாக இருக்கலாம். தழும்பருகே புடைத்து உள்ளே போகாமல் வலிக்கும் வீக்கம், காய்ச்சலோடு சீழ் ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வலியோடு இருப்பவர்கள் கேட்டுப் பெறுங்கள். என் துறையினரிடமும் ஒன்று கேட்கிறேன்: “ஒண்ணும் இல்ல” என்று சொல்லி அனுப்பாதீர்கள். “ஸ்கேனில் பயப்படும்படி எதுவும் இல்லை, வலி எங்கிருந்து வருகிறது என்று கையால் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.