முதுமறவர் வாய்மொழி

எம் பாட்டனார் இறைவன் அடி சேர்ந்த ஆண்டில் யாம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தோம். அவர் இளமையிற் பட்டாளத்திற் பணியாற்றினவர். ஊரார் அவரை 'மிலிட்டரிக்காரர்' என்றே வழங்கினர். அவருடைய இயற்பெயரை அறியாத சிறுவரும் இப்பெயரை அறிவர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். உள்ளே இரண்டு பதக்கங்களும், ஓரம் நைந்த ஒரு தொப்பியும், பழைய உறை ஒன்றனுள் ஒரு நிழற்படமும் இருந்தன. அப்படத்தில் ஏழு இளைஞர் தோளோடு தோள் சேர நின்று நகைக்கின்றனர். இடமிருந்து மூன்றாமவர் எம் பாட்டனார். ஏனை அறுவர் யாவர்? எந்த ஊரினர்? போரினின்று மீண்டனரோ, இலரோ? பாட்டியார்க்கும் தெரியவில்லை, எந்தையார்க்கும் தெரியவில்லை. படத்தின் பின்புறத்தில் ஓரெழுத்தேனும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் அவரோடு ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, அவர் விரல் பற்றி ஞாயிறுதோறும் ஆலயம் சென்ற யாம், ஒரு நாளேனும், 'தாத்தா, இவர்கள் யார்?' என்று கேட்டோமில்லை.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரில் இந்தியாவினின்று கடல் கடந்து சென்ற வீரர் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையிற் சேர்ந்து நின்றோர் ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம். முதற்போரிற் பணியாற்றியோருள் இன்று உலகில் ஒருவரும் இலர். அகழிப் போரிற் கலந்தோருள் இறுதியாக எஞ்சி நின்ற ஹாரி பாட்ச் என்னும் ஆங்கிலேயர் 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமது 111ஆம் அகவையில் மறைந்தார். அவர் தாம் கண்ட போரைப்பற்றி நூறு வயது வரையில் வாய் திறந்திலர். பிறர் தேடிச் சென்று வினவிய பின்னரே பேசத் தொடங்கினர். எண்பது ஆண்டு நெஞ்சிற் புதைந்து கிடந்ததொன்று, கேட்பாரைக் கண்ட பின்னரன்றோ வெளிப்பட்டது!

கேட்பது எங்ஙனம் என்பதிலும் ஒரு பாடம் உண்டு. முதற்பெரும்போரின்போது ஜெர்மனியில் ஊன்ஸ்டோர்ப் என்னும் ஊர்ச் சிறைமுகாமில் இந்திய வீரர் பலர் அடைபட்டிருந்தனர். மொழியாராய்ச்சியாளர் சிலர் அங்கே சென்று, பலமொழி ஒலிகளைத் திரட்டும் நோக்கத்தால், அவர்தம் குரலை இசைத்தட்டிற் பதிந்தனர். 1916ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மால் சிங் என்னும் பஞ்சாபி வீரர் அக்கருவியின்முன் நின்று பேசினர். அவர் தம்மைத் தன்மையிற் கூறாது, 'ஒரு மனிதன்' எனப் படர்க்கையில் வைத்து, ஊரில் வெண்ணெய் உண்டு வாழ்ந்தவன் மீண்டும் ஊர் திரும்ப விழைகின்றான் என்று உரைத்தனர். அறிஞர் நாடியது ஒலியை; அவர் அளித்ததோ உள்ளத்தை. அக்குரல் இன்றும் பெர்லின் நகரத்துப் பல்கலைக்கழகத்திற் காக்கப்படுகின்றது.

அமெரிக்க நாட்டில் 2000ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு சட்டம் இயற்றி, முதிய போர்வீரரின் வரலாறுகளைத் திரட்டும் பணியைக் காங்கிரஸ் நூலகத்தின்பால் ஒப்புவித்தனர். அங்குச் சென்று கேட்போர் பெரும்புலவர் ஆதல் வேண்டா. பத்தாம் வகுப்பு மாணாக்கரும் கேட்டுப் பதிந்து அனுப்பலாம். பேச்சு அரைமணி நேரத்திற்குக் குறையலாகாது. வெட்டியும் ஒட்டியும் திருத்தலாகாது. இவ்விதிகளைப் படித்தபோது எமக்கு ஒன்று தோன்றிற்று: பள்ளிச் சிறாரும் செய்யத்தக்க இப்பணியைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் ஏன் செய்தல் கூடாது?

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதி பட்டாளத்திற்குப் பலரை அளித்த பகுதி. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே சொல்வர். அப்பகுதியிலுள்ள மற்றொரு சிற்றூரில், எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர் ஒருவரை நாடி, நண்பர் இருவரோடு யாம் மூன்று சனிக்கிழமைகள் சென்றோம். அவர் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப்பிரிவில் இருந்தவர். 1780ஆம் ஆண்டில் தோன்றிய அப்பிரிவின் வீரரைப் படையில் அனைவரும் 'தம்பி' என்றே அழைப்பது வழக்கம். பாலம் அமைத்தல், வழி செய்தல், கண்ணிவெடி அகற்றல் முதலியன அவர் தொழில். இரண்டாம் உலகப்போரில், 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலி நாட்டு மிக்னானோவில், பிறரைக் காத்தற்பொருட்டுத் தம் உடலால் ஒரு கண்ணிவெடியை மூடி உயிர் நீத்த சுபேதார் சுப்பிரமணியன் இப்பிரிவினரே. ஜார்ஜ் சிலுவை என்னும் விருதை முதன்முதல் எய்திய இந்தியர் அவர்.

எம் முதியவர் கலந்துகொண்டது 1971ஆம் ஆண்டுப் போர். டாக்காவில் ஏறத்தாழ 93,000 பேர் அடிபணிந்த செய்தியை யாவரும் அறிவர். ஆனால் அவர் நின்றது மேற்கெல்லையில், ராவியின் கிளையாறாகிய பசந்தர் ஆற்றங்கரையில். டிசம்பர் 15ஆம் நாள் இரவு, காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையைப் பற்றியது. பின்னே டாங்கிகள் செல்லுதல் வேண்டும். இடையிலோ கண்ணிவெடிகள் விதைத்த பெருநிலம்.

முதல் நாள் எம் நண்பருள் ஒருவர் ஆர்வமிகுதியால், "ஐயா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று வினவினர். முதியவர் அவரைச் சற்று நோக்கி, "எங்க வேலை வழி பண்றது தம்பி" என்று கூறி, அவிழ்ந்து போன ஆட்டைக் கட்ட எழுந்து சென்றுவிட்டார். அன்று அவர் பின்னர்ப் பேசியவெல்லாம் மழையும் மணிலாக்கொட்டை விளைச்சலுமே. யாம் நாணத்தோடு திரும்பினோம்.

இரண்டாம் வாரம், "வழி செய்வது எங்ஙனம்?" என்று மட்டும் கேட்டோம். அவர் கண்கள் ஒளி பெற்றன. ஒரு குச்சியை எடுத்துத் திண்ணையின்மேற் குப்புறப் படுத்தே காட்டினர். இரும்பாலாகிய வெடியைக் கருவி ஓசையால் அறிவிக்கும். மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனவற்றை அறிவியாது. ஆதலின், நிலத்திற் கிடந்தபடியே கூரிய கோலை மண்ணுட் சாய்வாகச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் மேற்றட்டு அழுந்தும். சாய்த்துச் செலுத்தினால் அதன் பக்கத்தே தட்டுப்படும். துப்புரவாக்கிய வழியின் இருமருங்கும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னேறுவர். "கைதான் தம்பி கண்ணு. இருட்டுல கண்ண மூடிக்கிட்டா இன்னும் நல்லாத் தெரியும்" என்றனர். வழி முற்றும் ஆகுமுன்னரே, அக்கரையிலுள்ளார்க்கு ஆபத்து மிக, டாங்கிகள் எஞ்சிய வெடிநிலத்தின்மேலேயே துணிந்து சென்றுவிட்டன. அவ்வாறு கடந்த டாங்கிப் பிரிவைச் சார்ந்த அருண் கேத்தர்பால் என்னும் இருபத்தோர் அகவை இளைஞரே மறுநாட் போரில் வீழ்ந்து பரம வீர சக்கரம் பெற்றவர். "எங்க நாடா முடிஞ்ச எடத்துக்கு அப்புறம் அவங்க ரோடு இல்லாமப் போனாங்க" என்று கூறி முதியவர் நெடுநேரம் வாளா இருந்தனர்.

அறைக்கு மீண்டு யாம் அவ்வுரையை எழுதத் தொடங்கினோம். தமிழ்ச் சிறப்பு மாணாக்கர் அல்லமோ? "காரிருள் கவிந்த கங்குலில், கூற்றுவனும் அஞ்சும் வெங்களத்தே" என்று தொடங்கி நான்கு பக்கம் வரைந்தோம். எமக்கு அது பெருமிதமாகவே இருந்தது. மூன்றாம் வாரம் அதனை அவர்முன் படித்தோம். அவர் பொறுமையோடு கேட்டு, "நல்லா இருக்குது தம்பி. ஆனா இது வேற யாரோ" என்றனர். பின், "எனக்குக் குளிரு. அத நீங்க எழுதலையே" என்றனர்.

உண்மையே. கையுறை அணிந்தால் விரலுக்கு உணர்வு இராது என்று அதைக் கழற்றிவிட்டதையும், விரல் மரத்தபோதெல்லாம் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டதையும் அவர் இருமுறை கூறியிருந்தார். அவை வீரத்திற்கு ஒவ்வாத சிறு செய்திகள் எனக் கருதி யாமே விலக்கிவிட்டோம். கூற்றுவனை எழுதினோம், குளிரை எழுதிலோம். அவர் வாய்மொழியைக் காக்கச் சென்ற யாமே அவர் வாயை அடைத்தோம் என்பது அப்பொழுது விளங்கிற்று. அந்நான்கு பக்கங்களையும் கிழித்துவிட்டு, கைப்பேசியிற் பதிந்த பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவர் சொல்லியவாறே சொல்லுக்குச் சொல் எழுதினோம். டாங்கிகள் வந்தது நள்ளிரவு என்று ஒருமுறையும், விடியுந் தறுவாய் என்று ஒருமுறையும் கூறியிருந்தார். நூல்களைக் கொண்டு திருத்திவிடலாம் என்றார் நண்பர். திருத்தினோமில்லை, இரண்டையும் எழுதி வைத்தோம். நூல் கூறுவதை நூலிற் காணலாம். அவர் நெஞ்சில் அவ்விரவு எவ்வாறு நின்றது என்பதை வேறு எங்குக் காண்பது?

அன்று மாலை அவர் மேலும் பேசினர். 17ஆம் நாள் இரவு மேற்கெல்லையிற் போர் நின்றது. ஆயின் சாப்பர்களுக்கு நிற்கவில்லை. புதைத்த வெடிகளைத் தோண்டியெடுக்கும் வேலை அதன் பின்னரே பெருகிற்று. அதைக் கூறிவருகையில் தோழர் ஒருவர் பெயரைத் தொடங்கியவர், சட்டென நிறுத்தி, "அத மூடுங்க தம்பி" என்று கைப்பேசியைக் காட்டினர். மூடினோம். பின்னர் அவர் கூறியதை யாம் மூவரும் கேட்டோம். கேட்ட பின், "அவன் தங்கச்சி இன்னும் இருக்குது" என்று மட்டும் சொல்லி முடித்தார்.

திரும்பும் வழியிற் பேருந்தில் எமக்குள் வழக்கு எழுந்தது. 'வரலாறு அனைவர்க்கும் உரியது, மறைத்தல் பிழை, அவர் காலத்திற்குப்பின் இதனை அறிவார் யாவர்?' என்றார் ஒருவர். 'நம்பிக் கூறியதை வெளியிடுதல் அதனினும் பெரும்பிழை' என்றார் மற்றவர். யாமோ பாட்டனாரின் பெட்டியையே நினைந்துகொண்டிருந்தோம். அவர் பேசாமைக்குக் காரணம் எம் கேளாமை மட்டுந்தானோ, அன்றி அவர்க்கும் யாரேனும் ஒரு தங்கை இருந்தனளோ? முடிவில், எழுத்துப் படியில் அவ்விடத்தே, 'இங்குப் பேச்சு நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி எழுதினோம். அவர் கூறியதை ஈண்டும் எழுதோம். காப்பது என்பது சொல்லைக் காப்பது மட்டும் அன்று. சொன்னவரைக் காப்பதும் ஆம்.

விடைபெறுமுன் எம் பாட்டனாரின் நிழற்படத்தை அவரிடம் காட்டியிருந்தோம். கண்ணருகிற் பிடித்து ஒவ்வொரு முகமாக நோக்கினார். "யாரும் எனக்குத் தெரியல தம்பி. இவங்க சிரிக்கிறதப் பாத்தா லீவு கெடச்ச நாளு" என்றனர். பிறகு படத்தைத் திருப்பி, வெறுமையாயிருந்த பின்புறத்தைப் பார்த்து, "பேனா இருக்குதா? உங்க தாத்தா பேரயாவது எழுதுங்க. நாளைக்கு உங்க பிள்ளைங்க கேக்கும்" என்றனர். அவர் திண்ணையிலே அமர்ந்து அப்பெயரை எழுதினோம். எழுபேருள் ஒருவருக்கேனும் பெயர் கிடைத்தது.

போரில் வீழ்ந்தார்க்குக் கல் நாட்டுதல் தமிழர் தொன்று தொட்ட மரபு. காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதனை ஆறு துறைப்படுத்திக் கூறுகின்றது தொல்காப்பியம். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுத்த நடுகற்களிலே தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இன்றும் உள்ளன. பெயர் பொறித்தமையால் அன்றோ அம்மறவர் இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் நம்மோடு இருக்கின்றனர்! யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதும், பிற்காலத்துப் பிள்ளைகள் 'இவை யாவை?' என்று வினவுவர் என்னும் நம்பிக்கையாலேயே என்று திருமறை கூறுகின்றது. கல்லை நாட்டுதல் முன்னோர் கடன். வினவுதல் பிள்ளைகள் கடன். வினா இல்லையேல் கல் வெறுங்கல்லே.

கல்லூரித் தோழர்களே! 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளிற் போர்க்களம் கண்டோர் நம் ஊர்த் திண்ணைகளிலும், ஓய்வூதியம் பெறும் வரிசைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். அவருள் இளையவரும் எழுபதைக் கடந்தவர். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அவர் அருகே சென்று அமர்மின். எத்தனை பேரைக் கொன்றீர் என்று கேளாதீர். என்ன வேலை செய்தீர் என்று கேண்மின். அவர் சொற்களை மாற்றாதீர். நிறுத்தென்றால் நிறுத்துமின். எழுதியதை அவர்க்குப் படித்துக் காட்டி, ஒரு படியை அவர் கையிற் கொடுமின். வீட்டிலுள்ள பழம் படங்களின் பின்புறத்தில், தெரிந்த பெயர்களை இன்றே எழுதுமின்.

சென்ற வாரம் அம்முதியவரிடம் எழுத்துப் படியைக் கொடுத்து வந்தோம். பேத்தி படிக்க, கேட்டுக்கொண்டே வந்தவர், குளிர் வந்த இடத்தில் தம் விரல்களை மெல்லத் தேய்த்துக்கொண்டார். "இது நான்தான்" என்றார்.