காத்திருக்கக் கற்றேன்

மூளையிலிருந்த கட்டியை அகற்றியபின், எஞ்சியதை அழிக்க ஆறு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்று வீடு திரும்பினார் என் காக்கா. துயர் தீர்ந்ததென மகிழ்ந்தோம். மூன்றாம் திங்களில் ஓயாத உறக்கம், நாவில் சொல் வரத் தயக்கம், நடையில் தள்ளாட்டம். நோய் மீண்டதோவென உம்மா கலங்கினார்.

மருத்துவர் விளக்கினார். நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியுள்ளது. 1854இல் இப்பெயரை இட்டவர் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய அறிஞர். செய்தி விரைந்து செல்வது அவ்வுறையால்தான். அதனை உருவாக்கும் உயிரணுக்களைக் கதிர் தாக்கினால் உறை நைந்து, செய்தியின் வேகம் தளரும். ஆறு திங்களுக்குள் தோன்றும் தளர்ச்சி பெரும்பாலும் நீங்கிவிடும். ஆண்டுகள் கழித்து வருவது நீங்குதல் அரிது.

ஸ்டீராய்டு மருந்து தந்தனர். "காக்கா, சாப்பிட்டீங்களா?" என்றால் விடை வர நெடுநேரமாகும். பொறுமையிழந்து விடையையும் நானே சொல்லிவிடுவேன். ஒருநாள் கையுயர்த்தி என்னைத் தடுத்தார். காத்திருந்தேன். "பசியில்லை, தம்பி" என்றார். சொல் அழியவில்லை, அது வரும் வழிதான் நைந்திருந்தது.

சில திங்களில் அவர் தெளிந்தார். விடை தேடித் தயங்கும் மாணவனை இப்போதெல்லாம் நான் உடனே உட்காரச் சொல்வதில்லை.