குப்பை லாரியின் கச்சேரி

கேட்டாலே எரிச்சல் மூட்டுகிற பாட்டு ஒன்று உங்களுக்கும் கட்டாயம் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் கீச்சிடுகிற மெட்டாக இருக்கலாம். டெலிபோனில், "சற்றுக் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு நம் காதில் ஊற்றுகிறார்களே, அந்தச் சங்கீதமாக இருக்கலாம். ஆடி மாதத்து விடியற்காலையில் வேப்ப மரத்துக் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். எதுவானாலும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன மாத்திரத்தில் அது மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் ராத்திரி படுக்கப் போகிற வரையில் நிற்காது.

அந்தப் பாட்டு ஒலித்தவுடன் நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் இறங்கி ஓடவேண்டும் என்று சர்க்காரே ஏற்பாடு செய்திருந்தால் எப்படி இருக்கும்? தைவான் தீவில் அப்படித்தான் ஏற்பாடு. அதன் தலைநகரமான தைபேக்கு ஒரு மாலை வேளையில் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

தைபேயின் பெரிய வீதிகளில் உங்களுக்கு அதிசயம் ஒன்றும் தோன்றாது. கண்ணாடிக் கட்டடங்கள், கார்கள், விளக்குகள், எல்லாம் மற்றப் பட்டணங்களில் இருப்பவைதான். வீதியை விட்டுச் சந்துக்குள் திரும்புங்கள். நான்கு, ஐந்து மாடிப் பழைய வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஜன்னல்களுக்கு இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் பூந்தொட்டியும் உலர்த்திய துணியும். கீழே வரிசையாக ஸ்கூட்டர்கள். எங்கோ பூண்டு வதங்குகிற வாசனை. தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் தெருமுனையில் குப்பைத் தொட்டி எங்கே என்று தேடினால் அகப்படாது. குடித்து முடித்த காகிதக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் அரை மைல் நடப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

பொழுது சாய்ந்ததும் சந்தின் மூலையில் ஒருவர் இருவராக ஆட்கள் சேருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் நீல நிறப் பை. ஆபீஸ் உடையோடு ஒரு பெண். வீட்டுச் செருப்போடு ஒரு தாத்தா. பள்ளிக்கூடப் பையன் ஒருவன். தூரத்தில் பாட்டுக் கேட்கிறது. ஊரே ஒரு முறை நிமிர்கிறது. மாடிகளில் கதவுகள் தடால் தடாலென்று திறக்கின்றன. மஞ்சள் லாரி ஒன்று அன்ன நடை போட்டுக்கொண்டு வருகிறது. பின்னாலேயே மறுசுழற்சிச் சாமான்களுக்கு இன்னொரு லாரி. நீலப் பை முதல் லாரிக்குள் பறக்கிறது. புட்டியும் காகிதமும் இரண்டாவதற்கு. சமையலறைக் கழிவுக்குத் தனி வாளி. சில நிமிஷத்தில் லாரி நகர்ந்துவிடும். பாட்டுக் கேட்ட பிறகு ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தீர்களானால், லாரியை அடுத்த சந்து வரை துரத்தவேண்டியதுதான்.

தைவானில் குப்பை லாரிகள் பாடுகிற பாட்டுகள் முக்கியமாக இரண்டு. ஊருக்கு ஊர், லாரிக்கு லாரி மாறும். இரண்டுக்கும் வார்த்தை கிடையாது. இரண்டும் சீன சங்கீதமும் அல்ல.

ஒன்று பீதோவன் 1810இல் எழுதிய 'எலீஸுக்காக' என்ற சிறு பியானோ உருப்படி. அவர் 1827இல் காலமானார். அதற்கு நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 1867இல்தான் அது அச்சேறியது. அவர் கைப்பட எழுதிய மூலப் பிரதி பிற்பாடு தொலைந்துபோய்விட்டது. எலீஸ் என்பவள் யார் என்று பண்டிதர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரேசா என்ற பெயரைத்தான் கையெழுத்துப் புரியாமல் எலீஸ் என்று படித்துவிட்டார்கள் என்று ஒரு கட்சிகூட உண்டு. யாராயிருந்தாலும், தனக்கென்று எழுதிய சங்கீதம் குப்பையை வாரிக்கொண்டு போகும் என்று அந்தப் பெண் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள்.

மற்றொன்று 'ஒரு கன்னியின் பிரார்த்தனை'. இதன் கதையைச் சற்று நின்று கேளுங்கள். இயற்றியவர் ஒரு பெண், போலந்துக்காரி. தெக்லா பாதர்ஷெவ்ஸ்கா என்பது பெயர். 1856இல் வார்சா நகரத்தில் அச்சிட்டு வெளியிட்டார். சில வருஷங்களில் பாரிஸ் சங்கீதப் பத்திரிகை ஒன்று அதைத் தன் இதழோடு இணைப்பாகக் கொடுத்தது. பத்திரிகை இணைப்புக்கு எவ்வளவு மகிமை என்று உங்களுக்கா சொல்லவேண்டும்? ஐரோப்பா முழுவதும், பியானோ இருந்த வீட்டில் எல்லாம் பெண்பிள்ளைகள் அதை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாசிப்பது அத்தனை கடினமில்லை. கேட்பவர்களுக்கோ பிரமாதமாக வாசிக்கிற மாதிரி இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னிலையில் நம் வீடுகளில் சில கீர்த்தனங்கள் ஒரு காலத்தில் செய்த உத்தியோகத்தை அங்கே இது செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேருக்குப் பிடித்துவிட்டால் வித்வான்களுக்குப் பொறுக்குமா? இதைப் போல் திட்டு வாங்கிய உருப்படி மேல்நாட்டு சங்கீதத்தில் அபூர்வம். ரசனையில்லாதவர்களின் சங்கீதம் என்று விமரிசகர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். 1930இல் ஜெர்மனியில் மேடையேறிய 'மகாகொன்னி' என்ற இசை நாடகத்தில் இதை வாசிக்க வைத்துக் கேலி செய்தார்கள். அந்த அம்மாளோ எதையும் கேட்க இருக்கவில்லை. 1861இலேயே கண்ணை மூடிவிட்டார். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பிற்காலத்தில் சுக்கிர கிரகத்தில் உள்ள ஒரு பெரும்பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். வித்வான்கள் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

வார்சாவிலும் வியன்னாவிலும் பிறந்த பாட்டுகள் தைவான் லாரியில் எப்படி ஏறின? சுகாதார இலாகாத் தலைவர் ஒருவர், தம் மகள் பியானோ பழகுவதைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார் என்பது ஒரு கதை. லாரிகளை வாங்கும்போதே அந்த மெட்டுகளோடுதான் வந்தன என்பது இன்னொரு கதை. தைனான் நகரத்தில் ஒரு சமயம் குப்பை லாரியில் ஆங்கிலப் பாடம்கூடப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வார்த்தை ஆங்கிலமும் இரண்டு பை குப்பையுமாக ஜனங்கள் கொஞ்ச நாள் பண்டமாற்று செய்தார்கள்.

சரி, காதுக்கு வருவோம். பியானோவில் கேட்டால் உருகவைக்கிற 'எலீஸ்' லாரியில் கேட்டால் ஏன் கர்ண கடூரமாகிவிடுகிறாள்?

பீதோவன் அதை இரண்டு கைக்கு எழுதினார். வலது கை பாடும்போது இடது கை அடியிலிருந்து மெதுவாக அலை எழுப்பிக்கொண்டிருக்கும். லாரியில் அந்த இடது கை கரைந்துபோகிறது. மெட்டு மட்டும் எலும்பும் தோலுமாக வந்து நிற்கிறது. பக்கவாத்தியம் இல்லை, கமகம் இல்லை, மூச்சு இல்லை. போதாததற்குக் கூம்பு ஒலிபெருக்கி. கீழ் ஸ்தாயி அதற்கு ஒட்டாது. நம் காது மிகவும் கூர்மையாகக் கேட்கும் நடு, மேல் ஸ்தாயிகளைத்தான் அது ஓங்கி ஒலிக்கும். அந்த உருப்படி தொடங்குவதோ அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் மாறி மாறி வருவதில். பியானோவில் தயங்கித் தயங்கிப் பேசுகிற மாதிரி இருப்பது, லாரியில் எண்ணெய் காணாத கதவு போல் ஆகிவிடுகிறது.

பாட்டு முழுவதும் வந்தாலாவது சரி. லாரி முதல் பகுதியைத் தாண்டுவதேயில்லை. பல்லவியையே ஒரு மணி நேரம் பாடிவிட்டு அனுபல்லவிக்குப் போகாமலே மங்களம் பாடுகிற பாகவதரை நீங்கள் சகித்துக்கொள்வீர்களா? லாரி நெருங்கும்போது சுருதி மயிரிழை ஏறுகிறது. தாண்டிப் போகும்போது இறங்குகிறது. பக்கத்துச் சந்தில் இன்னொரு லாரி வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! இரண்டு பாகவதர்கள், இரண்டு சுருதி, தாளம் அவரவர் இஷ்டம்.

ஆனால் இவையெல்லாம்கூடப் பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். சந்தேகமிருந்தால் இலங்கைக்குப் போய்க் கேளுங்கள். அங்கே காலையிலும் மாலையிலும் இதே 'எலீஸ்' தெருவில் வருகிறாள். அதே மாதிரி மின்சாரக் கீச்சுக் குரல். அதே முதல் பகுதி. வருவதோ முச்சக்கர வண்டி. அதன் முதுகில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் சுடச்சுடப் பாண், மீன் வைத்த மாலு பாண், முதலை வடிவத்தில் சர்க்கரை தூவிய கிம்புலா பணிஸ். மெட்டுப் போட்டுக்கொண்டு வருவதால் 'சூன் பாண்' என்றே அதற்குப் பெயர். கொழும்பில் அந்தப் பாட்டுக் கேட்டால் குழந்தைகள் காசு கேட்டுப் பாட்டியின் முந்தானையை இழுக்கிறார்கள். தூக்கம் கலைந்தவர்கள் அங்கும் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் நாக்கில் ஜலம் ஊற வைக்கிற பாட்டின் மேல் எத்தனை நேரம் கோபமாக இருக்க முடியும்?

தைபேயில் அது உத்தரவு. 1980களில் தைவானில் பணம் பெருகியது. கூடவே குப்பையும் பெருகியது. கொட்ட இடமில்லாமல் மூலைக்கு மூலை மூட்டைகள் நாறின. 'குப்பைத் தீவு' என்ற பட்டப் பெயர்கூட வந்துவிட்டது. 1990களில் தலைநகரம் ஒரு விதி போட்டது: குப்பை தரையைத் தொடக்கூடாது. தெருவில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவந்து நேரே லாரியில் போடவேண்டும். 2000ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து, விலை கொடுத்து வாங்கிய நகரசபைப் பையில்தான் போடவேண்டும் என்றும் ஆயிற்று. அந்தப் பையின் விலைதான் குப்பை வரி. அதிகம் எறிகிறவர் அதிகம் கொடுக்கிறார். மறுசுழற்சிக்குப் போவதற்குக் காசில்லை. பெண்கள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள், பைகள் மெலிந்தன. இன்று தைவானின் குப்பையில் பாதிக்கு மேல் மறுசுழற்சிக்குப் போகிறது.

நம் ஊர்க் குப்பை வண்டிகளும் இப்போது பாடிக்கொண்டுதான் வருகின்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வார்த்தை வைத்தே பாடுகின்றன. இருந்தாலும் நாம் அசைந்து கொடுக்கிறோமா? வாசலில் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். தைபேயில் அந்த ஜம்பம் நடக்காது. ஆகவே ஆபீஸிலிருந்து பஸ்ஸைப் பிடித்து, ரயிலைப் பிடித்து, படியேறி, கறிகாயை மேஜையில் போடும்போது 'எலீஸ்' கூப்பிட்டால், அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லாரி எங்கே வருகிறது என்று கைபேசியில் பார்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஓட்டம் மட்டும் குறையவில்லை. குப்பைக்கென்று தனி அறையும் ஆளும் உள்ள புதிய அடுக்கு மாளிகைகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு 'எலீஸ்' ஜன்னலுக்கு வெளியே போகிற யாரோ ஒருத்தி.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு ரகம் உண்டு. சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெரியும். பாட்டு வருவதற்கு வெகு முன்பே இவர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். பலர் தலையில் முக்காடு. பேச்சு இந்தோனேசிய மொழி. முதியவர்களைக் கவனிக்கவென்று வீட்டோடு தங்கியிருக்கும் பெண்கள். குடும்பங்களில் இப்படி வேலை செய்கிற அயல்நாட்டார் தைவானில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இந்தோனேசியப் பெண்கள். பிலிப்பைன்ஸ், வியட்நாம் பெண்களும் உண்டு. கிழவருக்கு இருமல் வந்தால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்திருக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு வேலை நேரமும் ஓய்வும் வகுக்கிற சட்டம் வீட்டு வேலைக்குள் நுழைவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது பலருக்குப் பேச்சில்தான். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

குப்பை கொட்டப் போவதை மட்டும் எந்த எஜமானியும் தடுக்க முடியாது. ஆகவே அந்த மூலை அவர்களுடைய கிணற்றடி. யாருக்கு ஊரிலிருந்து பணம் கேட்டுச் செய்தி வந்தது, எந்த வீட்டில் சம்பளம் தாமதம், எந்தக் கிழவி நேற்று சாப்பிட மறுத்தாள், யார் பிள்ளை பரீட்சையில் தேறினான், எல்லாம் அங்கேதான் பேச்சு. ஒருத்தி சக்கர நாற்காலியில் பாட்டியையும் தள்ளிக்கொண்டே வந்துவிடுகிறாள். பாட்டிக்கும் காற்று, அவளுக்கும் பத்து நிமிஷம்.

பாட்டு நெருங்குகிறது. ஆபீஸ் பெண் பையை வீசிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டே படியேறுகிறாள். முக்காடு போட்டவர்கள் கடைசியாகப் போடுகிறார்கள். லாரி நகர்ந்து அடுத்த சந்துக்குள் திரும்புகிறது. 'எலீஸ்' மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். அது கேட்கிற வரையில் இவர்கள் பேச்சு நீளும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தைபேயில் குப்பை எடுப்பதில்லை. அன்றைக்குச் சந்தில் பாட்டு இல்லை.