மூன்று பந்து மரம்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவேன். கீரனூர் வீட்டு வாசலில் நிற்கும் ஃபைகஸ் மரத்துக்கு முடி வெட்ட வேண்டும். ஒரே தண்டில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பச்சைப் பந்துகள். சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டே அண்ணன், "வலப்பக்கம் வீங்கியிருக்கு தம்பி, இன்னும் கொஞ்சம் எடு" என்பார்.

அண்ணனுக்கு அங்கே அதுதான் வேலை. சாலையோர மரங்களைக் கழிப்பதும் வேலிச்செடிகளை மட்டமாக வெட்டுவதும். 1967இல் லீ குவான் யூ சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கப் போவதாகச் சொன்னார். அந்தச் சொல் இன்றைக்கும் கத்தரி பிடித்த கைகளால்தான் நிற்கிறது. பதினோரு வருஷம் ஊரான் செடியை வெட்டியவர், சொந்த வீட்டு வாசலுக்கு ஆசைப்பட்டது மூன்று: புல்தரை, சின்ன நீரூற்று, இந்த மரம். புல் முதல் சித்திரையிலேயே கருகியது. நீரூற்றுத் தொட்டியில் அம்மா துளசி வைத்துவிட்டாள். மரம் மட்டும் செம்மண்ணில் பிடித்துக்கொண்டது.

வெட்டுவதில் கணக்கு உண்டு. நுனி மொட்டில் ஊறும் ஆக்சின்தான் பக்கத்து மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கிறது. நுனி போனால் அவை விழித்துக்கொள்ளும், பந்து அடர்த்தியாகும். கீழ்ப் பந்து பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ளதன் நிழலில் இலை கொட்டிவிடும். அக்கினி வெயிலில் கை வைக்கக் கூடாது; உள்ளே நிழலில் இருந்த இலை கருகிவிடும். கத்தரியில் ஒட்டும் பாலை உடனே துடைக்க வேண்டும். எல்லாம் அண்ணன் போனில் சொல்லிக்கொடுத்தது.

அம்மாவுக்கு இதில் ஆச்சரியமில்லை. "நம்ம ஆடு பண்ணாததையா நீங்க பண்றீங்க?" என்பாள். நார்த்தாமலைப் பக்கம் பொட்டலில் நிற்கும் காரையையும் சூரையையும் பார்த்தால் புரியும். ஆடு நுனியைக் கடிக்கக் கடிக்க, யாரோ வெட்டிவிட்ட மாதிரி உருண்டையாக நிற்கும். ஆடும் அருவாளும் புகாத அய்யனார் கோயில்காடுகளில்தான் வீரையும் உலக்கைப் பாலையும் தன் இஷ்டத்துக்கு வளரும்.

போன ஐப்பசி மழையில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கீழ்ப் பந்து இரண்டையும் முக்காலி போட்டு வெட்டினேன். மேல் பந்துக்கு ஏற முடியவில்லை. மார்கழியில் பார்த்தால் அது பரட்டைத் தலையாக விரிந்து, இலையின் கக்கத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய காய்கள். விடியற்காலையில் கொண்டைக்குருவி, மைனா, ஒரு குயில்.

அம்மா கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "அட, இது இச்சிடா! கம்மாக்கரையில நிக்குமே."

தேடிப் பார்த்தேன். சரிதான், கல்லிச்சி. ஆலுக்கும் அத்திக்கும் பங்காளி. நர்சரியில் ஃபாரின் மரம் என்று விலை கொடுத்து வாங்கியது நம்மூர் மரம். காய் வருவது இளங்கிளையில். அஞ்சு வருஷமாக மாசாமாசம் நான் வெட்டிப் போட்டது அந்தக் காயைத்தான்.

அடுத்த ஞாயிறு வீடியோவில் கீழ்ப் பந்துகளை மட்டும் காட்டினேன். அண்ணன் விடவில்லை.

"மேல காட்டு."

காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பழம் விட்டிருக்குண்ணே. குருவியெல்லாம் வருது."

"அங்கதான் ரோடு முழுக்க பாக்குறேனே தம்பி. நம்ம வீட்டுல நான் நெனச்ச மாதிரி இருக்கட்டும். வெட்டிடு."

கோபம் வந்தது, உடனே போய்விட்டது. இந்த வீட்டில் அவர் தூங்கிய நாட்களைக் கூட்டினால் நாலு மாசம் தேறாது. சுவரின் நிறத்தைக்கூட நாங்கள்தான் முடிவு செய்தோம். அவர் கை இல்லாமலே அவர் கைவேலையாக இங்கே இருப்பது இந்த மரம் ஒன்றுதான். குருவிக்காக அதைக் கலைக்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது.

அம்மா போனை வாங்கினாள். "அவனுக்கு இன்னும் கால் சரியாகலப்பா, ஏணி ஏற மாட்டான். நீ வந்து வெட்டிக்க."

என் கால் சரியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தைக்கு லீவு கேட்டிருக்கிறார்.