கெடார் கிங்கின் கடைசி ராத்திரி

போகிக்கு முந்தின வாரம் பரணைக் காலி பண்ற டியூட்டி வருஷா வருஷம் எனக்குத்தான். கெடார்ல எங்க வீட்டுப் பரண்ல ஓட்டை முறம், சைக்கிள் டயர், தாத்தாவோட டிரங்குப் பெட்டின்னு சகலமும் கிடக்கும். இந்தத் தடவை மாட்டினது ஒரு பிஸ்கட் டின். திறந்தா... 11 ஃப்ளாப்பி!

"அதையும் போகியில போட்டுடுடா" என்றார் அம்மா. பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாதுன்னு ஒரு குட்டி லெக்சர் கொடுத்துக் காப்பாத்தினேன். (முறம் தப்பிக்கலை.)

எல்லாம் சித்தப்பாவோடது. 1994-ல பெங்களூருல வேலை பார்த்தப்ப வாங்கினது. ஆன்லைன்ல ஒரு யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் வாங்கி ஒவ்வொண்ணா சொருகினேன். எட்டு ஃப்ளாப்பி பூஞ்சை பிடிச்சு 'கிர்ர்'னு கத்திட்டு செத்துப்போச்சு. ரெண்டுல ஆபீஸ் கணக்கு. மிச்சமிருந்த ஒண்ணே ஒண்ணுல ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதுல வரிக்கு வரி 'கெடார் கிங்' காட்டுல சண்டை போடறான், அடி வாங்கறான், தங்கம் சேர்க்கறான்.

போன் போட்டேன். "சித்தப்பா, யாரு இந்த கெடார் கிங்?"

அரை நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு சிரிப்பு. "டேய்... அது நான்தான்டா!"

அவர் சொன்ன கதை இது. நம்ம ஊருல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அதுக்கு முன்னாடி புல்லட்டின் போர்டுதான். ஒருத்தர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரை மோடம் வழியா டெலிபோன் லைன்ல மாட்டி வெச்சிடுவார். நாம நம்ம மோடத்துல அந்த நம்பரைச் சுழட்டினா, அவரோட கம்ப்யூட்டருக்குள்ள போயிடலாம். லெட்டர் போடலாம், ஃபைல் எடுக்கலாம், கேம் ஆடலாம். இதை முதல்ல ஆரம்பிச்சது சிகாகோவுல, 1978 பிப்ரவரியில, வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ்னு ரெண்டு பேர். பனிப்புயல்ல வெளியே போக முடியாம வீட்டுல மாட்டிக்கிட்டப்ப ஆரம்பிச்ச வேலையாம். நம்ம பக்கத்துல, பெங்களூருல அதுல் சிட்னிஸ் 1980-களோட கடைசியில 'சிக்ஸ்'னு ஒரு போர்டு தொடங்கினார். சித்தப்பா போனது அது இல்ல, அவரை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பைத்தியம் வீட்டுல நடத்தின சின்ன போர்டு.

ஸ்பீடைக் கேட்டா சிரிப்பீங்க. 2400 மோடம்னா விநாடிக்கு 240 எழுத்து. ஒரு ஸ்கிரீன் முழுக்க எழுத்து வர எட்டு விநாடிக்கு மேல. இதுல படம் எங்கே காட்டுறது? கலர் கலரா எழுத்துதான் கேமே.

அவர் ஆடினது 'லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன்'. சேத் ராபின்சன் 1989-ல எழுதினது. காட்டுல சண்டை போட்டு 12 லெவல் ஏறினா டிராகனோட மோதலாம். ஆனா ஒரு நாளைக்கு இத்தனை சண்டைதான்னு கணக்கு. முடிஞ்சா நாளைக்கு வா! போர்டுல இருந்தது ஒரே டெலிபோன் லைன். ஒருத்தர் உள்ளே இருந்தா மத்தவங்களுக்கு எங்கேஜ்டு டோன். அதனால எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து, ஆடி, போவாங்க. முக்கியமான விஷயம், போறதுக்கு முன்னாடி விடுதியில காசு கொடுத்து ரூம் போடணும். வெட்டவெளியில படுத்தா, நீங்க இல்லாத நேரத்துல அடுத்து வர்றவன் வெட்டிட்டுப் போயிடுவான். மறுநாள் போனா, உங்க சாவு நியூஸா ஓடும்!

சித்தப்பாவை அப்படி வாரத்துக்கு மூணு தடவை வெட்டினான் ஒருத்தன். கடைசி வரைக்கும் முகமே பார்த்ததில்லை. பல் டாக்டர்னு ஒரு வதந்தி மட்டும் உண்டாம்.

அந்த கேம் இன்னிக்கும் கிடைக்குது. டாஸ்பாக்ஸ்ல பத்து நிமிஷத்துல ஓட வெச்சுட்டேன். பொங்கலுக்கு வந்த சித்தப்பாவை உட்கார வெச்சேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு கட்டை விரல்ல தட்டித் தட்டி காட்டுக்குள்ள போனார். அஞ்சு சண்டை. அப்புறம் ஆட்டக்காரர்கள் பட்டியலைத் திறந்தார். அதுல அவர் பேர் மட்டும்தான்.

"வேற யாருமே இல்லியேடா" என்று சொல்லிட்டு எழுந்து, கரும்பு கடிக்கப் போயிட்டார்.

எனக்கு அப்பதான் உறைச்சது. புரோகிராமைக் காப்பாத்த உலகத்துல ஆள் இருக்கு. ஜேசன் ஸ்காட்னு ஒரு அமெரிக்கர் 1998-லேர்ந்து பழைய போர்டு ஃபைல்களைச் சேர்க்கறார், 2005-ல ஒரு நீண்ட ஆவணப்படமே எடுத்தார். ஆனா பெங்களூருல எந்த ராத்திரி யாரு யாரை வெட்டினாங்கங்கறது? அது போர்டு நடத்தினவரோட ஹார்டு டிஸ்க்குல இருந்திருக்கும். அந்த டிஸ்க் எந்தக் காயலான் கடைக்குப் போச்சோ. மிச்சம், எங்க பிஸ்கட் டின்னும் சித்தப்பாவோட ஞாபகமும்தான்.

அதனால அன்னிக்கு ராத்திரியே மொட்டை மாடியில செல்போன்ல ரெக்கார்டிங் போட்டேன். 47 நிமிஷம். அதுல இருபது நிமிஷம் பல் டாக்டரைத் திட்டறார்! டெக்ஸ்ட் ஃபைலையும் மூணு இடத்துல காப்பி பண்ணிட்டேன்.

ஊருக்குக் கிளம்பறப்ப பஸ் ஸ்டாண்டுல கேட்டார். "டேய், அந்த ஃபைல்ல கடைசி நாள்... நான் விடுதியில ரூம் போட்டேனா?"

எனக்கு மனப்பாடமே ஆகிடுச்சு. கடைசி பக்கத்துல கெடார் கிங் விடுதி வாசல் வரைக்கும் போறான். அப்புறம் கன்னாபின்னான்னு குப்பை எழுத்து. வீட்டுல யாரோ போனை எடுத்துட்டாங்க. கீழே, 'நோ கேரியர்'.

"போடல சித்தப்பா. வெளியிலதான் நிக்கிறீங்க."

"வெட்டியிருப்பான்டா அவன்" என்றபடி விழுப்புரம் பஸ்ல ஏறினார்.