இசைப்பெட்டியின் அடியில் ரப்பர்

ஒலி என்பதே அதிர்வுதான். அதிர்விலிருந்து பிறக்கும் இசையைக் காப்பதற்கு மற்றோர் அதிர்வைத் தடுக்க வேண்டும் என்பது முதற்கண் முரணாகவே தோன்றும். ஆயினும் இசைத்தட்டு கேட்டுப் பழகியோர் இதன் உண்மையை நன்கறிவர். தட்டின் வரியில் ஓடும் ஊசி, தன்மேற்படும் அசைவு பாடகரின் குரலிலிருந்து வந்ததா, வாசற்படி ஏறிய காலடியிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே நேர்மையுடன் மின்னலைகளாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகிறது. நெடுநேர இசைத்தட்டின் வரி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்கு அகலமே உடையது. மெல்லோசைக்கு உரிய வளைவோ மில்லிமீட்டரில் 1,000-இல் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். அத்துணை நுண்ணிய எழுத்தைப் படிக்கும் கருவி நிற்கும் மேசை நடுங்கலாகாது. அதனாலேயே பெட்டியின் நான்கு மூலைகளிலும் ரப்பர் வில்லைகளையோ சுருள்வில்களையோ வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. இவற்றைத் தாங்குபாதங்கள் என்று குறித்தல் பொருந்தும்.

இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. உருண்ட அடியுடைய பானையை வைக்கோற் பிரிமணைமேல் இருத்துவதும், தலைச்சுமைக்குக் கீழே துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பதும், தபேலா இசைப்போர் கருவியைத் துணிவளையத்தின்மேல் நிறுத்துவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செயல்களே. அதிர்வு, அதிர்ச்சி ஆகிய இரு சொற்களும் அதிர் என்னும் ஒரே வேரில் பிறந்தவை என்று விளக்கும் ஆசிரியர், சும்மாட்டை எடுத்துக்காட்டினால் மாணவர்க்குப் பாடம் எளிதில் விளங்கும்.

பேராக் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்தது பாரிட் புந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களுக்கென்று தமிழர் இவ்வட்டாரத்திற்குக் கொணரப்பட்டனர். கரும்பு வீழ்ந்த பின்னர் ரப்பரும் தென்னையும் அவர்களுக்குப் பிழைப்பளித்தன. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டுவரும் கிரியான் பாசனத் திட்டம் 1906-இல் நிறைவெய்தியதும் நெல்வயல்கள் சமவெளியெங்கும் பரவின. கடலும் ஆறும் படியவிட்ட அந்த மெத்தென்ற களிமண் நெல்லுக்கு நல்லது, இசைத்தட்டுக்கு நல்லதன்று. பாறைநிலத்தில் அடங்கிவிடும் நடுக்கம் இளகிய மண்ணில் பெருகி நெடுந்தொலைவு செல்லும். போதாக்குறைக்குத் தைப்பிங்கிற்கும் புக்கிட் மெர்தாஜாமிற்கும் இடைப்பட்ட இரயில் பாதை இவ்வூர் வழியே செல்கிறது. 2015-இல் மின்தொடர்வண்டிச் சேவை பாடாங் பெசார் வரை நீண்டது. சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன.

அப்பாதைக்கு அண்மையில், கட்டைகள்மேல் நிற்கும் பழைய பலகை வீடொன்றில் வாழ்கிறார் ஓய்வுபெற்ற ஒருவர். அவருடைய தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் மங்குகளைத் துடைத்து, உளி பிடித்து, வாளி சுமந்து ஈட்டிய கூலியில் மிச்சம் பிடித்து அவர் வாங்கிய இசைத்தட்டுகளே மகனுக்குக் கிடைத்த சொத்து. அவற்றுள் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் ஒன்று. சரக்கு வண்டி கடக்கும்போது நாதசுரத்தின் அடியில் ஓர் உறுமல் எழும். அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. நான்கு வயதுப் பேரன் கூடத்தில் ஓடினால் பலகைத் தரை துள்ளும். ஊசி வரியை விட்டுத் தாவும். ஒவ்வொரு தாவலும் தட்டில் ஒரு கீறலை விட்டுச் செல்லும். கீறிய வரி மீளாது. ஆகவே இசை ஒலிக்கும்போது ஓடக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. நாளடைவில் தாத்தா தட்டை எடுத்ததும் குழந்தை கொல்லைப்பக்கம் போய்விடும் நிலை வந்தது. பேரனுக்கும் தோடிக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் துன்பம் அந்த முதியவருக்கு நேர்ந்தது.

அவர் முதலில் கடையில் விற்கும் தாங்குபாதங்களை வாங்கினார். கருநிறத்தில், சிறிய நாணயம் போன்ற நான்கு வில்லைகள். விலை சில நூறு வெள்ளி. அவற்றை வைத்தபின் இரயிலின் உறுமல் குறைந்தது. ஆனால் குழந்தையின் காலடிக்கு ஊசி முன்னைவிட அதிகமாகத் தாவியது! இதில் மாயம் ஒன்றுமில்லை. மீள்தன்மையுள்ள எந்தத் தாங்கியும் தனக்கென ஓர் இயல்பதிர்வு உடையது. வரும் அதிர்வு அதனைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாக இருந்தால் மட்டுமே அது தடுக்கும். இரண்டும் ஒத்திருந்தால் ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவதுபோல அசைவு பெருகும். சுமையின்கீழ் தாங்கி எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கொண்டே இதனைக் கணக்கிடலாம். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் இயல்பதிர்வு நொடிக்குச் சுமார் 16. 10 மில்லிமீட்டர் அமுங்கினால் 5. மனிதர் நடை நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி. பலகைத் தரையின் துள்ளலோ பெரும்பாலும் 8-க்கும் 15-க்கும் இடைப்பட்டது. ஊசியும் அதன் கையும் சேர்ந்து துடிக்கும் அளவும் 8 முதல் 12 வரையே. கட்டியான சிறு வில்லை, தீமை மிகுந்த அந்த இடத்திலேயே போய் நின்றுகொள்கிறது. எட்கர் வில்ச்சர் 1961-இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்திற்காக அமைத்த இசைத்தட்டுக் கருவியில் தட்டையும் ஊசிக்கையையும் சேர்த்து மென்மையான சுருள்வில்களில் தொங்கவிட்டது இந்தக் கணக்கை அறிந்தே.

இங்கே ரப்பரைக் குறைசொல்வது பொருந்தாது. பிரேசிலில் தோன்றி, கியூ தோட்டத்தின் வழியாக வந்த நாற்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டது 1877-இல். அம்மரத்தின் பாலில் விளைந்த பொருள், அதிர்வை அடக்குவதில் இரும்பும் சிமெண்டும் செய்ய இயலாததைச் செய்கிறது. இலண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலத்தடி இரயில் நிலையத்தின் மேலே 1966-இல் எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் குடியிருப்பு, இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிற்கிறது. கீழே வண்டிகள் ஓட, மேலே மக்கள் உறங்குகின்றனர். மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் உருவாக்கிய தாங்கிகள், கலிபோர்னியாவில் 1985-இல் முடிந்த நீதிமன்றக் கட்டடத்தை நிலநடுக்கத்திலிருந்து காக்க வைக்கப்பட்டன. பாரிட் புந்தாருக்கு அண்மையிலுள்ள பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவிற்குச் செல்லும் இரண்டாம் பாலமும் (2014-இல் திறக்கப்பட்டது) இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேலேயே கிடக்கிறது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் வெட்டிய பால் எங்கெங்கோ சென்று எவரெவர் தூக்கத்தையோ காத்தது. அவர்தம் லயத்துக் கூரை மழையில் எழுப்பிய ஓசையை அடக்கத்தான் எவரும் முன்வரவில்லை.

வணிகர் கூற்றில் பாதி மெய், பாதி மிகை. இசைத்தட்டுக் கருவிக்குத் தாங்குபாதம் உண்மையிலேயே வேண்டும். வெற்றிடக் குழாய் பொருத்திய பெருக்கிக்கும் ஓரளவு பயன்படும். குழாயினுள் உள்ள மெல்லிய கம்பிகள் அசைந்தால் அதுவும் ஒலியாகும். டிரான்சிஸ்டர் பெருக்கிக்கும், சுவரோடு கிடக்கும் மின்கம்பிக்கும் பாதம் மாட்டினால் செவிக்கு இனிமை கூடும் என்பதோ பணப்பைக்கு மட்டும் கேட்கும் இசை. வாங்குமுன் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. தட்டைச் சுழலவிடாமல் ஊசியை அதன்மேல் இறக்கி, ஒலியை மிதமாகக் கூட்டி, மேசையை விரல்முட்டியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். ஒலிபெருக்கியில் கேட்கும் ஓசையே நோயின் அளவு. தாங்கியை மாற்றி மறுபடி தட்டினால் மருந்தின் அளவும் தெரியும்.

முதியவர் அந்தச் சோதனையைத்தான் பலமுறை செய்தார். நடைபாதைக்கு இடும் கனத்த சிமெண்டுக் கல் ஒன்றை வாங்கி, அதன்கீழ் குழந்தை மிதிவண்டியின் டியூபை அரைகுறையாகக் காற்றடித்து வைத்தார். காற்று அளவாக இருந்தால் கல் மெத்தையில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்து நிற்கும். அந்த அசைவு நொடிக்கு நான்கைந்தைத் தாண்டாது. இரயிலின் உறுமல் அடங்கியது. தரைத் துள்ளலை மட்டும் அதுவும் முழுமையாகத் தடுக்கவில்லை. கடைசியில் சமையலறைப் பக்கத்துச் செங்கற்சுவரில் இரும்புத் தாங்கிகளை அறைந்து, பலகை பொருத்தி, கல்லையும் டியூபையும் கருவியையும் அங்கே ஏற்றினார். சுவர் பலகைத் தரையோடு சேராமல் தனியே நிலத்தில் ஊன்றி நிற்பதால் காலடி அதனிடம் செல்லவில்லை. செலவு, முன்னர் வாங்கிய நான்கு வில்லைகளின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

டியூபில் காற்று மெல்ல இறங்குகிறது. மாதத்திற்கு ஒருமுறை கல் ஒருபக்கம் சாயும். ஊசியின் நடையும் கோணும். அப்போது கைப்பம்பை எடுத்து வருவது பேரனின் வேலை. கல் சமமாகும்வரை இரண்டு மூன்று முறை அடிப்பான். பிறகு தோடி தொடங்கும், அவனும் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடத் தொடங்குவான்.